டீசல் எஸ்யூவியின் மைலேஜ் திடீரென்று குறைந்தால்

லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்த உங்கள் பிஎஸ்6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) டீசல் எஸ்யூவி இப்போது 10தான் கொடுக்கிறதா? டிஸ்ப்ளே காட்டுவதை நம்பாமல், டேங்கை நிரப்பி 300 கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் பாருங்கள். அப்புறம் டயர் காற்று. வண்டி ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும்.

எனக்கு இதே தொல்லை வந்தபோது மெக்கானிக் இன்ஜெக்டரை மாற்றச் சொன்னார். ஆனால் கோளாறு பிரேக்கில்! பத்து கிலோமீட்டர் ஓட்டி, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் நிறுத்தி, ஒவ்வொரு வீல் பக்கத்திலும் கையைக் கொண்டுபோனேன் (தொட்டுவிடாதீர்கள்). முன் இடதில் மட்டும் அனல் அடித்தது. பிரேக் பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரின் பின் (pin) இறுகி, பேட் டிஸ்க்கை விடாமல் உரசியிருக்கிறது. சுத்தம் செய்து கிரீஸ் போட்டதும் சரியாகிவிட்டது.

தினமும் பள்ளிக்கூடம், கடை என்று ஐந்து கிலோமீட்டருக்குள்ளேயே ஓட்டினால் வேறு கதை. டிபிஎஃபில் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) சேரும் கரியை எரிக்கக் கூடுதல் டீசல் செலவாகும். பாதியில் இன்ஜினை அணைத்தால் அந்த வேலை முடியாமல் நின்று, பிறகு மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் சீராக ஓட்டுங்கள்.