சுனாமி போய் இத்தனை வருடமாகியும் அலைச் சத்தத்துக்குச் சிலர் பதறுவது ஏன்?

காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் 2004 டிசம்பர் 26-ஐ நேரில் பார்த்த சிலருக்கு, இன்றும் கடல் கொஞ்சம் சீறினாலே கை நடுங்கும். அதோடு கெட்ட கனவு, தூக்கமின்மை, கரைப் பக்கமே போகாமல் இருப்பது என்று சேர்ந்து, ஒரு மாதம் தாண்டியும் அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால், மருத்துவர்கள் அதைப் பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனஅழுத்த நோய்) என்பார்கள். 1980-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் பட்ட பாடு அதற்கு ஒரு முக்கிய காரணம்.

சரி, ஏன் விடாமல் துரத்துகிறது? மூளையில் அமிக்டலா என்ற பகுதி ஆபத்தை மோப்பம் பிடிக்கும். ஹிப்போகேம்பஸ், ‘இது எங்கே, எப்போது நடந்தது’ என்று குறித்து வைக்கும். பேரதிர்ச்சியில் முதலாவது மிகையாக விழித்துக்கொள்ள, இரண்டாவதின் குறிப்பு குழம்பிப் போகிறது. அதனால் பழைய நினைவு, இப்போதே நடப்பதுபோல் வருகிறது. எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் நிறுத்திய பைக், கன்டெய்னர் லாரி கடந்த அதிர்வுக்கே அலாரம் அடிக்குமே, அப்படித்தான். திருடன் யாரும் இல்லை, அலாரம்தான் ரொம்ப நுணுக்கமாகிவிட்டது.

அந்த நினைவைப் பாதுகாப்பான சூழலில் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிப் பழக்கும் சிகிச்சை நன்றாகவே பலன் தருகிறது. தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குப் போகத் தயங்குபவர்கள், முதலில் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு இலவசமாகப் பேசலாம்.

அப்புறம், அலையைப் பார்த்த எல்லாருக்கும் இது வரும் என்பது தவறு: பெரும்பாலானோர் தாமாகவே தேறிவிடுகிறார்கள், தேறாதவர்கள் கோழைகளும் அல்ல.