மாடியில் தியானம், கீழே சண்டை

கேள்வி: இரண்டு வருடமாக விடியற்காலையில் மொட்டை மாடியில் அரை மணி நேரம் தியானம் செய்கிறேன். மாதப் பூசத்துக்கு வடலூர் போவதும் உண்டு. ஆனால் கீழே இறங்கினால் சண்டைதான். ரிட்டையரான கணவர் டிவியை அலறவிட்டு உட்கார்ந்திருப்பார். எதையும் நாலு முறை சொல்ல வேண்டும். நான் கத்தினால், 'இதுக்குத்தான் தியானமா?' என்று கேலி வேறு. தியானம் செய்தால் மூளை வளரும், மறதி வராது என்கிறார்களே, உண்மையா? அவரையும் உட்கார வைப்பது எப்படி?
– 57 வயது வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: சகோதரி, அவரை உட்கார வைக்கும் ஆசையை முதலில் விடுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தால், மாடி உங்களுக்குத் தியானம் செய்யும் இடமாக மட்டும் தெரியவில்லை. அவரிடமிருந்து தப்பிக்கிற இடமாகவும் தெரிகிறது. அது அவருக்கும் புரிந்திருக்கும். கேலி அங்கிருந்துதான் வருகிறதோ என்னவோ. வடலூர் போகிறவர் நீங்கள். வள்ளலார் 1867-இல் பசித்தவர்களுக்குச் சோறு போடும் தருமச்சாலையில் அடுப்பை மூட்டிய பிறகுதான், வழிபாட்டுக்கான ஞான சபை எழுந்தது. பக்கத்தில் இருக்கும் மனிதர் முதலில், தியானம் பிறகு.

மூளை விஷயம். அமெரிக்காவில் 16 பேர் 8 வாரம் தியானப் பயிற்சி எடுத்தபோது, நினைவுக்கான ஹிப்போகேம்பஸ் பகுதி அடர்ந்தது என்று 2011-இல் ஓர் ஆய்வு வந்தது. உங்களிடம் சொன்னவர்கள் இதைத்தான் கேள்விப்பட்டிருப்பார்கள். 2022-இல் இருநூறுக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தபோது அப்படி எதுவும் தென்படவில்லை. பதற்றம் குறையும், அது போதாதா?

மறதி பற்றிக் கவலை என்றால், நான் தியானத்தை விட அந்த டிவி சத்தத்தைத்தான் பார்ப்பேன். நாலு முறை சொல்ல வேண்டியிருக்கிறது என்கிறீர்கள். அலட்சியம் என்று நினைக்கிறீர்கள், காது மந்தமாகியிருந்தால்? கவனிக்காமல் விட்ட காதுக் குறைபாடு டிமென்ஷியா என்ற மறதி நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. உங்கள் ஊரிலோ ஜிப்மரிலோ காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். 'உனக்குக் காது கேட்கலை' என்று சொல்லி அழைக்காதீர்கள், வரமாட்டார். 'நானும் காட்டணும், கூட வாங்க' என்றால் வருவார். உண்மையிலேயே நீங்களும் காட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் சண்டை. தம்பதிகளைப் பல வருடம் ஆராய்ந்த ஜான் காட்மன், கோபத்தில் இதயம் படபடத்தால் உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும் என்கிறார். அதுவரை எந்த நியாயமும் ஏறாது. அந்த 20 நிமிடத்துக்கு மாடிக்குப் போங்கள். ஆனால், 'வந்து பேசுறேங்க' என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனால் அது முறைத்துக்கொண்டு போவது. திரும்பி வந்ததும் டிவியை அணைத்துவிட்டு, அவர் சொல்வதை முழுதாகக் கேளுங்கள். பதிலுக்கு முன்னால், உதாரணமாக, 'டீ ஆறினதா பிரச்சினை, நான் உங்களை விட்டுட்டுப் போனதா?' என்று கேட்டுப் பாருங்கள்.

பேச்சை ஆரம்பிக்க சில்வர் பீச் வேண்டாம். அந்தக் காற்றிலும் அலைச் சத்தத்திலும் நல்ல காதுக்கே பாதிதான் விழும். மாடியில் இன்னொரு நாற்காலி போடுங்கள்.