திமிங்கலம் காட்டுகிறோம் என்றால் பணம் கட்டலாமா?

கேள்வி: ஆடி அமாவாசைக்குக் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போகிறோம். "மன்னார் வளைகுடாவில் படகுச் சவாரி, திமிங்கலம், டால்பின் கட்டாயம் பார்க்கலாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. முழுப் பணத்தையும் இப்போதே ஜிபேயில் அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா?
- மதுரை வாசகி

பதில்: அனுப்பாதீர்கள் அம்மா. அந்த 'கட்டாயம்' என்ற சொல்லே போதும், ஒதுங்கிக்கொள்ள. சுற்றுலாப் படகு போகும் இடங்களில், பவளப்பாறைகளின் மேல் இரண்டு மூன்று ஆள் ஆழம்தான் இருக்கும். பெரிய திமிங்கலம் ஆழ்கடலில் திரிவது. இந்தப் பக்கம் அதைப் பார்க்க வேண்டுமென்றால் இலங்கையின் மிரிஸ்ஸ போன்ற இடங்களுக்குத்தான் போக வேண்டும்; மிரிஸ்ஸவில் அதற்கான காலம் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. டால்பின் இங்கே உண்டு, எங்கள் மீனவர்கள் ஓங்கில் என்பார்கள். ஆனால் தென்பட்டால் அதிர்ஷ்டம். ஆவுளியா என்கிற கடல்பசு அதைவிட அரிது.

சரி, வேறு என்ன பார்க்கலாம்? வனத்துறை ஏற்பாட்டில் பிச்சை மூப்பன் வலசையிலும் காரங்காட்டிலும் படகு விடுகிறார்கள். முதலாவது தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா பக்கம். அடியில் கண்ணாடி பதித்த படகில் பவளப்பாறை பார்க்கலாம். ஆனால் ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும். தென்கடல் கலங்கிவிட்டால் கண்ணாடிக்குக் கீழே வெறும் கலங்கல்தான் தெரியும். தொண்டி பக்கமுள்ள காரங்காடு வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம் இருக்கிறது, அந்த நாட்களில் அங்கே அலை குறைவு. அலையாத்திக் காட்டுக்குள் படகு நுழையும்போது பறவைகளைப் பக்கத்திலேயே பார்க்கலாம். உங்களுக்கு நான் சொல்வது காரங்காடுதான்.

டிக்கெட்டை அங்கேயே வாங்கி ரசீதைக் கேளுங்கள். லைஃப் ஜாக்கெட்டின் கொக்கி பூட்டுகிறதா என்று ஏறுமுன் போட்டுப் பாருங்கள், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு. அப்புறம், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் இறக்கிவிடுகிறேன் என்பவரோடு போகாதீர்கள், மாட்டுவது நீங்களும்தான். யாராவது பவளத் துண்டு விற்றால் வாங்கவே வாங்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஏற்கெனவே முன்பணம் ஏதும் அனுப்பியிருந்தால் விளம்பரத்தையும் பணம் போன விவரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு, பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யுங்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மதுரையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். ராமநாதபுரத்துக்கு அலைய வேண்டாம். நீங்கள் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது.