சென்னை அளவும் பெங்களூர் கேக்கும்

அன்புள்ள அக்காவுக்கு,

என் மகளுக்கு வரும் மே மாதம் 6 வயது நிறைகிறது. அவளுடைய வகுப்புத் தோழிக்குப் பாலும் முட்டையும் ஆகாது. பால் பட்டாலே உதடு வீங்கிவிடும். அந்தக் குழந்தைக்கு மட்டும் தனித் தட்டில் வேறெதையோ கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. 15 பிள்ளைகளும் சாப்பிடும்படி ஒரே கேக்காகச் செய்ய நினைத்து, சென்னையில் இருக்கும் தங்கையிடம் அளவு வாங்கினேன். மைதா ஒன்றரை கப், சர்க்கரை ஒரு கப், கோகோ 3 டேபிள்ஸ்பூன், பேக்கிங் சோடா ஒரு டீஸ்பூன், வினிகர் ஒரு டேபிள்ஸ்பூன், எண்ணெய் 5 டேபிள்ஸ்பூன், தண்ணீர் ஒரு கப். அவள் வீட்டில் பஞ்சு போல வருகிறது. இங்கே அடுப்பில் நன்றாக எழும்பி, பிறகு நடுவில் குழிந்துவிட்டது. இரண்டாம் தடவை அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர் கூட்டிப் பார்த்தேன், இன்னும் மோசம். மேலே பூசிய தேங்காய் கிரீமும் அரை மணியில் வழிந்துவிட்டது. விழா மொட்டைமாடியில், மாலை 4 மணிக்கு. எங்கே தப்பு செய்கிறேன்? கூடக் கொடுக்க என்ன செய்யலாம்?

ச., அல்சூர், பெங்களூர்

அன்புள்ள ச.,

உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை, தங்கையின் அளவிலும் இல்லை. அது கடலோர ஊருக்கான அளவு, அவ்வளவுதான். பெங்களூர் ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் சென்னையைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் துவரம்பருப்பை வேகவைத்தால் இந்த வித்தியாசம் தெரியும். பருப்பு என்றால் இன்னும் கொஞ்ச நேரம் அடுப்பில் விட்டுச் சரிசெய்துவிடலாம். கேக்கில் அப்படி முடியாது.

சோடாவும் வினிகரும் சேர்ந்து உண்டாக்கும் வாயு, மேலே அழுத்தம் குறைவாக இருப்பதால் இங்கே அதிகமாக விரிகிறது. குமிழிகள் பெரிதாகி ஒன்றோடொன்று உடைந்து சேர்கின்றன. மாவு வெந்து இறுகுவதற்கு முன்பே கூரை எழும்பிவிடுகிறது, தாங்கச் சுவர் இல்லாமல் நடுவில் உட்கார்ந்துவிடுகிறது. முட்டை போட்ட கேக்கில் முட்டையின் புரதம் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். இதில் மைதாவின் பசையும் மாவுச்சத்தும்தான் தூண்கள், அதனால் தவறு உடனே தெரிந்துவிடுகிறது. நீங்கள் பேக்கிங் பவுடரைக் கூட்டியது இன்னும் வாயுவைச் சேர்த்தது. குழிந்த கேக்கைப் பார்த்ததும் எல்லாரும் செய்வது அதுதான். செய்ய வேண்டியதோ அதற்கு நேர்மாறு.

சர்க்கரைக்கும் இதில் பங்கு உண்டு. உயரத்தில் ஈரம் சீக்கிரம் ஆவியாகி, மிச்சக் கலவையில் சர்க்கரை செறிவாகிவிடும். சர்க்கரை கூடினால் மாவுச்சத்து இறுக இன்னும் அதிகச் சூடு தேவைப்படும். அதாவது தூண்கள் எழும்ப இன்னும் தாமதம்.

எனவே 8 அங்குல வட்டத் தட்டுக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். மைதா 190 கிராம், சர்க்கரை 180 கிராம், கோகோ 20 கிராம், பேக்கிங் சோடா தலைதட்டி முக்கால் டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், எண்ணெய் 75 மில்லி, வினிகர் 15 மில்லி, வெனிலா ஒரு டீஸ்பூன், தண்ணீர் 265 மில்லி. பேக்கிங் பவுடர் வேண்டவே வேண்டாம். சோடாவைக் குறைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரு டீஸ்பூன் சோடா முழுவதையும் ஒரு டேபிள்ஸ்பூன் வினிகரால் முறிக்க முடியாது. மிச்சம் நாக்கில் சோப்பு மாதிரி தட்டும். சாதாரண கோகோவில் இருக்கும் புளிப்பு இதற்குக் கைகொடுக்கும். காரம் சேர்த்துப் பதப்படுத்திய, கறுத்த நிற ‘டச்சு’ கோகோவில் அந்தப் புளிப்பு இருக்காது, ஆகவே இந்தக் கேக்குக்கு அது ஒத்து வராது.

ஓடிஜியை, அதாவது கேக் வேகவைக்கும் மின் அடுப்பை, முதலில் 185 டிகிரிக்கு 15 நிமிடம் சூடாக்குங்கள். தட்டில் எண்ணெய் தடவி, பட்டர் பேப்பர் போட்டுத் தயாராக வைத்த பிறகுதான் ஈரச் சாமானை மாவில் ஊற்ற வேண்டும். வினிகர் சோடாவைத் தொட்ட நொடியே வாயு கிளம்பிவிடும். கலந்து 5 நிமிடத்துக்குள் அடுப்புக்குள் போகாவிட்டால் அது வெளியிலேயே போய்விடும். வெள்ளை மாவு கண்ணில் படாதவரை கலக்கினால் போதும். சின்னச் சின்னக் கட்டி இருந்தால் இருக்கட்டும், அடித்துக் கலக்கினால் ரப்பர் போலாகிவிடும். முதல் 25 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். 32 முதல் 38 நிமிடத்தில் நடுவில் ஈர்க்குச்சியைக் குத்திப் பாருங்கள், ஒன்றிரண்டு ஈரத் துகள் ஒட்டினால் சரி.

மறுபடி குழிந்தால் வெட்டிப் பாருங்கள். உள்ளே பெரிய பெரிய துளை, ஓரம் உயர்ந்து நடு பள்ளம் என்றால் இன்னும் வாயு அதிகம், சோடாவை முக்காலுக்கும் ஒரு சிட்டிகை குறையுங்கள். அடியில் களி போல ஒரு பட்டை இருந்தால் வேகவில்லை என்று பொருள். ஓடிஜி காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பது அபூர்வம். உள்ளே வைக்கிற சிறிய வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

இனி வழிந்த கிரீம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியில் உருகும். டிசம்பர் பெங்களூரில் பாட்டிலில் உறைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். தேங்காய் கிரீமைத் தாங்குவது அந்தக் கொழுப்புதான். மே மாத மொட்டைமாடியில் மாலை 4 மணிக்கு 30 டிகிரிக்கு மேல் இருக்கும். எவ்வளவு அடித்தாலும், எவ்வளவு நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தாலும் அங்கே அது நிற்காது. கோகோ வெண்ணெய் உருக 34 டிகிரி அளவு வேண்டும். அதனால் சாக்லேட்டைச் சூடான தேங்காய்ப்பாலில் கரைத்துச் செய்யும் கனாஷ் பூச்சுக்கு மாறுங்கள்.

பால் சேராத டார்க் சாக்லேட் 300 கிராம், கெட்டித் தேங்காய்ப்பால் 150 மில்லி, இந்த 2-க்கு 1 விகிதம் முக்கியம். பால் கூடினால் பூச வரும், பூ பிழிய வராது. சாக்லேட்டைப் பொடியாக நறுக்குங்கள். முதல் பாலைச் சிறு தீயில் ஓரம் நுரை கட்டும்வரை மட்டும் சூடாக்குங்கள், தளதளவென்று கொதித்தால் திரிந்துவிடும். சாக்லேட் மேல் ஊற்றி 2 நிமிடம் விட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கிளறுங்கள். எண்ணெய் பிரிந்து பளபளத்தால் பயப்பட வேண்டாம். வெதுவெதுப்பான தேங்காய்ப்பால் ஒரு ஸ்பூன், தேவைப்பட்டால் இன்னொன்று, விட்டுக் கிளறினால் கூடிவரும். வெளியிலேயே 2 மணி நேரம் ஆறட்டும். கரண்டி இழுத்த தடம் மூடாமல் நின்றால் பிழியும் பதம். அப்போதும் கேக்கை மாடிக்கு 4 மணிக்குக் கொண்டுபோங்கள், 3 மணிக்கே வேண்டாம். வெயில் நேரே படும் இடமும் வேண்டாம்.

பெயர் எழுதவும் வண்ணப் பூக்களுக்கும், சர்க்கரைப் பொடியை அடித்துச் செய்யும் ராயல் ஐசிங் நல்லது. அதில் கொழுப்பு இல்லை, வெயிலில் உருகாது. வழக்கமாக முட்டை வெள்ளை சேர்ப்பார்கள். அதற்குப் பதிலாகச் சுண்டலுக்குக் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரே போதும். நாம் ரசத்தில் ஊற்றும் அதே தண்ணீர். அது முட்டை வெள்ளை போல நுரைக்கும் என்பதை 2014-ல் ஒரு பிரெஞ்சுக்காரர் செய்து காட்டினார், அடுத்த ஆண்டு அதற்கு அக்வாஃபாபா என்று பெயரும் வந்தது. வெள்ளைக் கொண்டைக்கடலை 400 கிராமை 10 மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, 5 கப் புதுத் தண்ணீரில் உப்பில்லாமல் வேகவையுங்கள். ஆறியதும் கடலையோடு இரவு ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். மறுநாள் வடித்து, முட்டை வெள்ளையின் வழுவழுப்பு வரும்வரை சுண்டவைத்து ஆறவிடுங்கள். அதில் 3 டேபிள்ஸ்பூன் எடுத்து நுரைக்க அடித்து, ஐசிங் சுகர் 250 கிராமைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு 7 நிமிடம் அடித்தால் முனை நிற்கும். கிண்ணத்தை ஈரத்துணியால் மூடி வையுங்கள், இல்லாவிட்டால் மேலே ஆடை கட்டிவிடும்.

பூக்களைப் பட்டர் பேப்பரில் பிழிந்து ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். ஐசிங்குக்கு எதிரி ஈரம். கனாஷ் மேல் ராத்திரியே வைத்தால் அடி கரையும், கடைசி ஒரு மணி நேரத்தில் வையுங்கள். இளஞ்சிவப்புக்குப் பீட்ரூட் பொடி, மஞ்சளுக்கு மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, இரண்டும் எலுமிச்சையோடு நிறம் மாறாது. சங்குப்பூ நீலம் மட்டும் புளிப்புப் பட்டால் ஊதாவாகிவிடும். நீலம்தான் வேண்டுமென்றால் அந்தப் பங்கில் எலுமிச்சையை விட்டுவிடுங்கள்.

அலங்காரத்தைவிட எனக்குக் கவலை தருவது கடைச் சாமான்தான். பச்சைப் புள்ளி சைவம் என்று மட்டுமே சொல்லும், பால் இல்லை என்று சொல்லாது. ‘நான் டெய்ரி’ என்று விற்கும் விப்பிங் கிரீம்கள் பலவற்றில் சோடியம் கேசினேட் இருக்கிறது, அது பாலின் புரதமேதான். சில மார்ஜரினிலும், பல டார்க் சாக்லேட், காம்பவுண்ட் (கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு கொழுப்பு சேர்த்த சாக்லேட்) கட்டிகளிலும் பால் திடப்பொருளோ பால் கொழுப்போ உண்டு. 2022-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் பால் உட்பட விலங்குப் பொருள் எதுவும் சேராத வீகன் உணவுக்குத் தனிச் சின்னம் கொண்டுவந்தது. அது இருந்தாலும், சேர்மானப் பட்டியலுக்குக் கீழே ஒவ்வாமை பற்றிய வரியையும் படியுங்கள். ‘பால் இருக்கக்கூடும்’ என்று இருந்தால் அந்தக் குழந்தைக்கு அது வேண்டாம். பால் ஜீரணமாகாமல் வயிறு உப்புவது வேறு, இது வேறு. இதில் ‘துளிதானே’ என்ற பேச்சுக்கே இடமில்லை. வெண்ணெய் தடவிப் பழகிய பழைய தட்டு, பிரஷ், மரக்கரண்டி எதையும் அன்று எடுக்காதீர்கள்.

கூடக் கொடுப்பது சுலபம். நம் பலகாரத்தில் பாதி ஏற்கெனவே பால் இல்லாததுதான். ஐசிங்குக்காக வேகவைத்த கடலையே தேங்காய், மாங்காய் போட்ட சுண்டலாகிவிடும். நல்லெண்ணெயில் பிரட்டிய பொடி மினி இட்லி, எலுமிச்சை சேவை போதும். தாளிக்கும்போது பழக்கத்தில் கை நெய் டப்பாவுக்குப் போகும், அதை அன்று அலமாரியில் பூட்டிவிடுங்கள். நிலக்கடலையும் முந்திரியும் சில பிள்ளைகளுக்கு ஆகாது, மற்ற பெற்றோரிடமும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கிய ஒவ்வொரு உறையின் பின்பக்கத்தையும் படமெடுத்து, விழாவுக்கு இரண்டு நாள் முன்பே அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு அனுப்பிவிடுங்கள். அவர் சரி என்று சொன்ன பிறகு மாவைக் கலக்கலாம்.