முப்பரிமாணப் படம் வரையும் ஓப்பன்ஜிஎல் அழைப்புகளை லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் இடைமறிப்பது எப்படி?

கேட்டிருப்பவர் நாகர்கோவில் பொறியியல் மாணவர். கன்னியாகுமரியில் நிற்கும் 133 அடி வள்ளுவர் சிலையை முப்பரிமாணத்தில் காட்டும் செயலி. மூலநிரல் கையில் இல்லை. ஒரு ஃபிரேமை (திரையில் வரும் ஒரு படம்) வரைய ஆகும் நேரத்தை அளக்க வேண்டும். லினக்ஸில், நம் லைப்ரரியை முதலில் ஏற்றவைக்கும் எல்டி_பிரீலோட் மாறியைப் போட்டும் ஹூக் (அசல் அழைப்பை மறிக்கும் நம் செயற்கூறு) கூப்பிடப்படவில்லை.

தம்பி, ஹூக் சரிதான், வைத்த இடம்தான் தப்பு. பெயரைச் சொல்லி நேரடியாக இணைந்த அழைப்புகள்தான் பிரீலோடில் சிக்கும். எஸ்டிஎல், ஜிஎல்எஃப்டபிள்யூ மாதிரியான, சன்னல் திறந்துதரும் லைப்ரரிகள் ஓடும்போதுதான் டிஎல்ஓப்பனால் லிப்ஜிஎல் என்ற ஓப்பன்ஜிஎல் லைப்ரரியைத் திறந்து, டிஎல்சிம், ஜிஎல்எக்ஸ்கெட்பிராக்அட்ரஸ் மூலம் செயற்கூறுகளின் முகவரி வாங்கும். முன்வாசலில் காவல் இருக்க, ஆள் புறவாசலில் போய்விட்டான். ஆகவே முகவரி கொடுப்பவற்றையே மறியுங்கள். முடிந்த ஃபிரேமைத் திரைக்கு அனுப்பும் ஜிஎல்எக்ஸ்ஸ்வாப்பஃபர்ஸைக் கேட்டால் உங்கள் ஹூக்கின் முகவரியை நீட்டுங்கள். டிஎல்சிம்மை மறித்தபின் அசலை எங்கே தேடுவது? பதிப்பையும் சொல்லித் தேடும் டிஎல்விசிம்மில், 64 பிட் இன்டெல் என்றால் 'ஜிலிப்சி_2.2.5' என்ற பதிப்புப் பெயரோடு. வேலாண்டில் (லினக்ஸின் புதிய திரை முறை) ஜிஎல்எக்ஸுக்குப் பதில் ஈஜிஎல், ஆகவே இதையே ஈஜிஎல் பெயர்களுக்குச் செய்யவும்.

விண்டோஸில் ஓப்பன்ஜிஎல்32 என்ற அதே பெயரில் டிஎல்எல் (விண்டோஸ் லைப்ரரிக் கோப்பு) ஒன்றைச் செய்து செயலியின் ஃபோல்டரிலேயே வைத்தால் அதுதான் முதலில் ஏறும். அசலை சிஸ்டம்32-இலிருந்து முழுப் பாதை கொடுத்து ஏற்றுங்கள். வெறும் பெயர் கொடுத்தால் உங்களுடையதே திரும்பி வரும். ஓப்பன்ஜிஎல் 1.1 வரையிலான செயற்கூறுகளை, இங்கே முகவரி கொடுக்கும் டபிள்யூஜிஎல்கெட்பிராக்அட்ரஸ் தராது, ஏற்றிய கோப்பிலிருந்தே எடுக்க வேண்டும். மற்றவற்றின் முகவரி கான்டெக்ஸ்ட்டுக்குக் கான்டெக்ஸ்ட் (ஓப்பன்ஜிஎல் தன் நிலையை வைத்திருக்கும் சூழல்) மாறலாம். எல்லாவற்றுக்கும் ஒரே அட்டவணை வைத்தால் ஒருநாள் கவிழும்.

மேக்கில்தான் பாடு. உங்கள் லைப்ரரியை ஏற்ற டிஒய்எல்டி_இன்சர்ட்_லைப்ரரிஸ் என்ற மாறி, கூடவே எந்த அழைப்புக்குப் பதில் எது என்று சொல்லும் இன்டர்போஸ் பகுதி. அசலைத் தேட வேண்டாம். உங்கள் லைப்ரரிக்குள்ளிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அசலுக்கே போகும். ஆனால் மேக் ஓஎஸ் 10.11 முதல் எஸ்ஐபி என்ற பாதுகாப்பு ஏற்பாடு, ஷெல் ஸ்கிரிப்ட் வழியே வரும் அந்த மாறியை உருவிவிடும். ஹார்டன்டு ரன்டைம் என்ற கூடுதல் பாதுகாப்பு உள்ள செயலிகளும் அதைக் கண்டுகொள்ளாது. செயலியின் உங்கள் பிரதியை, இதை ஏற்கும் அனுமதிகளோடு மறுபடி கையொப்பமிடுங்கள். மறிக்க வேண்டியது, ஃபிரேமைத் திரைக்கு அனுப்பும் சிஜிஎல்ஃப்ளஷ்டிராயபிள்.

அளப்பதில் இன்னொரு குழி. விசிங்க் (திரை புதுப்பிக்கும்வரை காத்திருப்பது) இருந்தால் 60 ஹெர்ட்ஸ் திரையில், அதைவிட வேகமாக முடியும் எதை ஓட்டினாலும் 16.7 மில்லிசெகண்டு என்றே காட்டும். ஜிபியூ (வரைகலைச் சில்லு) நேரம் வேண்டுமென்றால் ஓப்பன்ஜிஎல்லின் டைமர் குவெரி. விடையை அப்போதே கேட்டால் ஜிபியூ முடிக்கும்வரை காத்துக்கிடக்கும். இரண்டு மூன்று ஃபிரேம் கழித்துப் படியுங்கள். ஹூக்குக்குள் ஜிஎல்கெட்எரர் கூப்பிடவே வேண்டாம், செயலிக்குப் போக வேண்டிய பிழையை நீங்கள் விழுங்கிவிடுவீர்கள்.

எழுதத் தொடங்குமுன், அழைப்புகளைப் பதிவுசெய்யும் ஏபிஐட்ரேஸ் என்ற கருவியை ஓட்டிப் பாருங்கள், மூன்றிலும் ஓடும். அழைப்புப் பட்டியல் மட்டும் போதுமென்றால் இந்த வேலையே தேவையில்லை.