எழுத்து எதற்கு?

அன்பின் பிள்ளைக்கு,

ஒரே பாலினத்தவரின் உறவைக் குற்றமாக்கும் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவை நீக்க வேண்டும் என்று நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவன் நான். யாரையும் அவரவர் வீட்டுக்குள் நடப்பதற்காக மறியலில் போடக்கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கட்டுரையின் கடைசியில் அவர்களின் கல்யாணத்துக்குப் போய்விட்டீர்கள். சேர்ந்து இருக்க விரும்புகிறவர்கள் இருந்துவிட்டுப் போகட்டும். அதற்கு எழுத்து எதற்கு? கல்யாணம் எங்கள் பண்பாட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியது. வெள்ளைக்காரன் நாட்டுப் பழக்கத்தை இங்கே இறக்குவதற்கு முன், காணி, காணாமல் ஆக்கப்பட்டோர் என்று தமிழனுக்கு ஆயிரம் பிரச்சினை கிடக்கிறது என்பதையும் யோசியுங்கள்.

க., வெள்ளவத்தை, கொழும்பு

அன்பின் ஐயாவுக்கு,

‘எழுத்து’ என்று நீங்கள் எழுதிய இடத்தில் நின்றுவிட்டேன். எங்கள் ஆட்கள் கல்யாணப் பதிவை அப்படித்தான் சொல்வார்கள். தாலி கட்டுவது ஆவணியில் இருக்கும், எழுத்து தையிலேயே முடிந்துவிடும், கனடா ஸ்பொன்சருக்குக் கொடுக்க வேண்டும் என்பதற்காக. வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடுகளில் விவாகப் பதிவாளர் வந்து சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரிப்பதை எத்தனை தரம் பார்த்திருப்போம். நீங்களும் எங்காவது சாட்சிக் கையெழுத்து வைத்திருப்பீர்கள். அந்த ஒரு பக்கம் என்னவெல்லாம் செய்யும் என்று எங்கள் சனத்துக்கு நன்றாகத் தெரியும். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் மேல்மாடி வீட்டில் பார்த்தேன். அதையே முதலில் சொல்கிறேன்.

அங்கே இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருவர் அரசாங்கப் பள்ளிக்கூட ஆசிரியை, எங்கள் எல்லோருக்கும் டீச்சர். மற்றவர் வீட்டிலேயே தையல் தைத்தவர், அவரை நாங்கள் அக்கா என்போம். இரண்டு பேரும் யாழ்ப்பாணம். 1994இல் வந்து குடியேறியவர்கள். டீச்சரின் சம்பளத்திலும் அக்காவின் தையல் காசிலும், சீட்டுப் பிடித்தும் நகை அடகு வைத்தும், அந்த வீட்டை வாங்கினார்கள். வங்கிக் கடனுக்கு வசதி என்று வீட்டு உறுதிப் பத்திரம் டீச்சரின் பெயரில் எழுதப்பட்டது.

2018இல் டீச்சருக்கு மூளையில் இரத்தக் கசிவு. ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். சத்திரசிகிச்சைக்கான சம்மதப் படிவத்தைக் கொண்டுவந்த தாதி, “நீங்கள் அவருக்கு யார்?” என்று சிங்களத்தில் கேட்டார். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு “சிநேகிதி” என்றார். தாதி கோபப்படவில்லை, இரத்த உறவு யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டார். வவுனியாவில் இருந்து டீச்சரின் தம்பி மறுநாள் மத்தியானம் வந்து கையெழுத்து வைத்தார். அதுவரை அக்கா வோர்டுக்கு வெளியே வாங்கில், கஞ்சிப் போத்தலை மடியில் வைத்தபடி இருந்தார். டீச்சரின் இரத்த அழுத்தக் குளிசைகளின் பெயர், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எல்லாம் அந்த ஒரு மனிசிக்குத்தான் தெரியும். அவரிடம் அதை யாரும் கேட்கவில்லை.

ஆறாம் நாள் டீச்சர் போய்விட்டார். மரண அறிவித்தல் பத்திரிகையில் வந்தது. எங்கள் மரண அறிவித்தல்களை நீங்கள் அறிவீர்கள். இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு சகோதரியும், இன்னாரின் மைத்துனியும் என்று ஜேர்மனி, லண்டனில் இருக்கும் பெறாமக்கள் வரை ஒருவர் பெயரும் விடுபடாது. அக்காவின் பெயர் அதில் இல்லை. இருபத்திநாலு வருடம் ஒரே உலையில் சோறு வடித்தவரை எழுத ஒரு சொல் கிடைக்கவில்லை. முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த மறுமாதம் தம்பி வீட்டை விற்பனைக்குப் போட்டார். அவர் கெட்டவர் அல்ல. சட்டம் அவரைத்தான் வாரிசு என்றது.

இதையே ஒரு கணவன் மனைவியாக வைத்துப் பாருங்கள். ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் கொண்டுவந்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான எங்கள் தேசவழமையிலேயே ‘தேடியதேட்டம்’ என்று ஒரு சொல் இருக்கிறது, கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சம்பாதித்துச் சேர்த்தது. ஒருவர் இறந்தால் அதில் பாதி மற்றவருக்கு. அந்த வீட்டைவிடப் பொருத்தமான தேடியதேட்டம் இருக்குமா? தேசவழமைக்குள் வராதவர்களுக்கு 1876ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் இருக்கிறது. மரணசாசனம் (உயில்) எழுதாமல் இறந்தவரின் சொத்தில் பாதி கணவனுக்கோ மனைவிக்கோ போகும். டீச்சரின் ஓய்வூதியமும் ஒரு தபுதாரருக்கு, அதாவது மனைவியை இழந்த கணவருக்கு, போயிருக்கும். இன்னொன்று சொல்கிறேன். ஆணும் பெண்ணும் பதியாமலே கணவன் மனைவியாக வாழ்ந்து, ஊரும் அப்படியே ஏற்றிருந்தால், அவர்கள் மணமானவர்கள் என்றே இந்நாட்டு நீதிமன்றம் அனுமானிக்கும். எழுத்து வைக்காத சோடிக்கே அந்த இரக்கம் உண்டு. எழுத்து வைக்க ஆசைப்பட்ட சோடிக்குக் கதவே இல்லை.

மரணசாசனம் எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எழுதியிருந்தால் வீடு தப்பியிருக்கும், சரி. ஆனால் அதற்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் வேண்டும், நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சி. பெண்களையும் குற்றவாளியாக்கும் 365அ பிரிவு உயிரோடு இருக்கும் நாட்டில் அத்தனை பேருக்கு முன்னால் எந்தப் பெண் இதை வாய் திறந்து விளக்குவாள்? அப்புறம், சம்மதப் படிவத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் மரணசாசனம் உதவாது.

இனி வெள்ளைக்காரன் விஷயம். அவன் இங்கே இறக்கியது 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை. 365 அதற்குள் வந்தது. கல்யாணச் சட்டமும் நாங்கள் நினைப்பதுபோல மாறாமல் கிடந்ததல்ல. கண்டிச் சிங்களவரிடையே சகோதரர்கள் சேர்ந்து ஒரு பெண்ணை மணப்பது வழக்கமாக இருந்தது, ஆங்கிலேயர் 1859இல் அதைத் தடைசெய்தார்கள். பொதுத் திருமணச் சட்டத்தில் பெண்ணின் குறைந்த வயது 12 என்றே இருந்து, 1995இல்தான் 18 ஆனது. அதே 1995இல் அதே நாடாளுமன்றம் 365அ பிரிவில் ‘ஆண்’ என்று இருந்ததை ‘ஆள்’ என்று மாற்றியது. அதோடு பெண்களும் குற்றவாளிகள் ஆனார்கள். டீச்சரும் அக்காவும் கொழும்புக்கு வந்து அப்போது ஒரு வருடம்.

பண்பாடு என்றீர்கள். தமிழ்நாட்டில் புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றி நடந்த சுயமரியாதைத் திருமணத்தை, அது திருமணமே அல்ல என்று 1953இல் சென்னை ஹைகோர்ட் சொன்னது. ஊர் கூடி வாழ்த்திய மனைவிகள் சட்டத்தின் கண்ணில் மனைவிகள் அல்ல. 1967இல் அண்ணா ஆட்சி சட்டத்தைத் திருத்தி, அதற்கு முன் நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது. அதைத் தமிழ்ப் பண்பாட்டின் அழிவு என்று இன்று யாரும் சொல்வதில்லை. தொல்காப்பியத்தையும் நீங்கள் படிப்பித்திருப்பீர்கள். “பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப.” அது தலைவனையும் தலைவியையும் பற்றித்தான் பேசுகிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் சடங்கு ஏன் வந்தது என்று அது சொல்லும் காரணத்தைப் பாருங்கள். கூடி வாழ்ந்தவரைப் பிறகு ‘எனக்குத் தெரியாது’ என்று யாரும் கைவிடக்கூடாது என்பதற்காக. அக்காவைக் கைவிட்டது டீச்சர் அல்ல, மற்ற எல்லோரும்.

கோயிலை யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. பதிவாளரின் புத்தகம் கோயிலில் இருந்து தனியாகத்தான் இருக்கிறது. போன ஆண்டுத் திதிக்கு அக்காவோடு நானும் மோட்ச அர்ச்சனைக்குப் போனேன். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். அக்கா சொன்னார். அவ்வளவுதான் கேட்டார்.

தமிழனுக்கு ஆயிரம் பிரச்சினை என்ற வரிதான் எனக்கு அதிகம் வலித்தது. டீச்சரும் அக்காவும் அந்த ஆயிரத்துக்குள்தானே வாழ்ந்தார்கள்? யுத்த காலத்தில் வெள்ளவத்தையில் பொலிஸ் பதிவு இல்லாமல் ஒரு தமிழ் வீடு இருக்க முடியாது. படிவத்தில் வீட்டுத் தலைவருக்கு உறவுமுறை என்று ஒரு கட்டம் இருக்கும். டீச்சர் ஒவ்வொரு முறையும் அதில் ‘ஒன்றுவிட்ட சகோதரி’ என்று எழுதினார். சுற்றிவளைப்பு வந்தால் இருவரும் ஒரே பொய்யைச் சொல்ல வேண்டும் என்று, இல்லாத ஒரு பெரியப்பாவின் பெயரையும் ஊரையும் பாடமாக்கி வைத்திருந்தார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியமுன் லொட்ஜுகளில் இருந்த எங்கள் சனத்தை பஸ்ஸில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினார்களே, அப்போதும் கேட்ட கேள்வி, கொழும்பில் உனக்கு என்ன வேலை என்பதுதான். மறுநாள் நீதிமன்றம் அதைத் தடுத்தது. இருக்கும் இடத்தில் இருப்பதற்குக் காரணம் சொல்ல வைப்பது எப்படிப்பட்ட அவமானம் என்று பட்டவர்கள் நாங்கள். அந்தக் கேள்வியை எங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமே நாங்கள் கேட்கலாமா, ஐயா?

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் எங்கள் 365 போன்ற அவர்களின் 377ஆம் பிரிவைத் தளர்த்தியது, 2023 அக்டோபரில் திருமண உரிமை தர மறுத்து அதை நாடாளுமன்றத்திடம் விட்டது. நேபாளத்தில் அதே ஆண்டு நவம்பரில் முதல் பதிவு நடந்தது. பௌத்த நாடான தாய்லாந்தின் செனட் 130க்கு 4 என்ற வாக்கில் நிறைவேற்றி, 2025 ஜனவரியில் இருந்து அங்கே கல்யாணங்கள் பதிவாகின்றன. கணவன், மனைவி என்று இருந்த இடத்தில் ‘துணைவர்’ என்று மாற்றினார்கள். யாருடைய பழைய கல்யாணமும் அதனால் குறைந்துபோகவில்லை.

இங்கே நீதிமன்றம் செய்யக்கூடியது கொஞ்சம். பழைய சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்று அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை சொல்கிறது. அதனால் 365ஐ நாடாளுமன்றம்தான் எடுக்க வேண்டும். 2023 மே மாதம், அதைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று நாட்டின் அதியுச்ச மன்றமான எங்கள் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாதாரணப் பெரும்பான்மையே போதும். ஆனால் வாக்கெடுப்புக்கே வராமல், 2024இல் நாடாளுமன்றம் கலைந்ததோடு அதுவும் போயிற்று.

மறியலில் போடக்கூடாது என்பதில் உங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை என்று எனக்கு எழுதினீர்கள். அந்த ஒரு வரியை உங்கள் மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினருக்கும், உங்கள் கையெழுத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று போட்டு அனுப்புங்கள். கல்யாணத்தைப் பற்றி நாங்கள் இன்னும் பேசலாம். அக்கா இப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு அறையில் இருக்கிறார், இன்னும் தைக்கிறார். உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். “மாஸ்டரை ஒருநாள் தேத்தண்ணிக்கு வரச் சொல்லு” என்றார்.