குற்ற வழக்கு இருந்தவரை வேலைக்கு எடுக்க மறுக்கலாமா?

தனியார் நிறுவனம் என்றால் மறுக்கலாம். வழக்கு இருந்தது, சிறைக்குப் போனார் என்பதற்காக ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று இந்தியாவில் பொதுவான சட்டம் எதுவும் இல்லை. ஆனால் வழக்கு வேறு, தண்டனை வேறு. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல்தான் முக்கால்வாசி இடங்களில் ஆட்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். நானும் அனுப்பியிருக்கிறேன்.

கோவையில் ஒரு லேத் ஒர்க்‌ஷாப்பில் ஆள் எடுப்பது என் வேலை. சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் வந்தான். ஐ.டி.ஐ. டர்னர், கை சுத்தமான வேலைக்காரன். விண்ணப்பத்தில் 'உங்கள் மீது வழக்கு பதிவானதுண்டா?' என்ற இடத்தில் 'ஆம்' என்று எழுதியிருந்தான்.

"என்னப்பா கேஸ்?"

"ஊர் நோம்பியில தகராறு சார். கூட இருந்த எல்லார் பேரையும் சேத்துட்டாங்க."

அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506: ஆபாசமாகத் திட்டியது, அடித்தது, மிரட்டியது. ஊர்ச் சண்டை என்றாலே அன்றைக்கு எஃப்.ஐ.ஆரில் வரிசையாக விழுந்த பிரிவுகள். பிளாஸ்டிக் கவரில் இருந்து தீர்ப்பு நகலை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். சந்தேகத்தின் பலனை குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு அளித்து விடுதலை. மடிப்பு விழுந்த இடத்தில் தாள் கிழிந்து, செலோ டேப் ஒட்டியிருந்தது. எத்தனை பேரிடம் நீட்டியிருப்பான்!

அதற்கு முன் போலீஸ் வேலைக்குத் தேர்வாகி, வெரிபிகேஷனில் போயிருக்கிறது. அங்கே அவன் எதையும் மறைக்கவில்லை. ஆனால் சந்தேகத்தின் பலனில் விடுதலையானாலும், புகார் கொடுத்தவரே பிறழ் சாட்சியாக மாறி விடுதலையானாலும், குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருத வேண்டும் என்பது தமிழ்நாடு காவல் பணி விதி. கிராமத்துச் சண்டை வழக்குகள் பெரும்பாலும் இப்படித்தானே முடியும்? இந்த விதியை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

அரசு வேலைக்குப் போகிறவர்கள் 2016-ல் உச்ச நீதிமன்றம் அவதார் சிங் வழக்கில் சொன்னதைத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்ட விவரத்தை மறைக்கக் கூடாது. இளவயதில் கோஷம் போட்டது போன்ற சின்ன வழக்கை மறைத்திருந்தால் அதிகாரி மன்னிக்கலாம். அதே சமயம் உண்மையைச் சொன்னவரையும் எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இருந்தாலும் மறைக்காதீர்கள். சின்ன வழக்கில் தப்பிக்க வழி உண்டு, பொய்யில் மாட்டினால் அதுவே தனிக் காரணமாகிவிடும்.

18 வயதுக்குள் நடந்தது என்றால் கதையே வேறு. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 24-ன்படி அது எந்தத் தகுதியிழப்பையும் தராது. 16 வயதுக்கு மேல், கொடுங்குற்றத்தில் பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டுக் குற்றவாளி என்று முடிவானவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

அந்தப் பையனை முதலாளி வேண்டாம் என்றார். கேஸ் இருக்கிறவன் எதற்கு வம்பு என்றார். எடுத்துச் சொல்ல வேண்டிய நான் பேசாமல் இருந்துவிட்டேன். அது இப்போதும் உறுத்துகிறது. அப்புறம் ஒரு நாள் அவரிடம் உட்கார்ந்து பேசி, விண்ணப்பத்தில் அந்த வரியை மாற்ற வைத்தேன். இப்போது அங்கே இருப்பது: 'கடந்த ஐந்து ஆண்டுகளில் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றதுண்டா? இருந்தால் எதற்காக?' கீழே விளக்கம் எழுத நான்கு வரி இடமும் விட்டிருக்கிறோம்.